மூணாம் நம்பர் மேடையில் மைக்கில் பேசியது யார் என்பது பற்றி

என் பெயர் கலையரசன். வயது பதினெட்டு. தகப்பனார் பெயர் பிச்சைமுத்து. மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம் என்ற விலாசத்தில் அப்பா அம்மாவுடன் குடியிருக்கிறேன். நம்பர் ஒன் டோல்கேட் பக்கம் இருக்கும் தூதுவன் பார்சல் சர்வீஸ் யார்டில் வண்டிக்கு ரிவர்ஸ் பார்த்து, சக்கரத்துக்குக் கட்டை போடும் வேலை செய்து வருகிறேன். யார்டில் என்னைக் கலையரசன் என்று யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாரையும் கலாய்ப்பதால் கலாயரசன் என்றும், அவசரத்துக்குக் கலாய் என்றும் கூப்பிடுவார்கள். கம்பெனியை நாங்கள் தூதுவளை என்போம், தொட்டால் முள் குத்தும் என்பதால்.

தற்போது திருச்சி பெரியாஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருக்கிறேன். கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருப்பதால் பேச முடியாது. ஆகவே விசாரிக்க வந்த தலைமைக் காவலர் பிரேமலதா அம்மா அட்டையும் பேனாவும் கொடுத்து, "நடந்ததை நடந்த வரிசையில எழுது தம்பி. நடுவுல குறும்பு பண்ணினா கிழிச்சுப் போட்டுட்டு முதல்லேர்ந்து எழுதச் சொல்லுவேன்" என்று சொன்னதன் பேரில், சுயநினைவுடன் என் கைப்பட எழுதிக் கொடுப்பது.

எங்கள் யார்டின் நடைமுறை முதலில் தெரிந்தால்தான் மற்றது புரியும். ஒரு லாரி உள்ளே வந்ததும் நான் விசிலடித்து, அதை லோடு ஏற்றும் மேடைக்குப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்த வைப்பேன். அதன் பிறகு வண்டி முன்னால் உருளாமல் இருக்கப் பின் சக்கரத்துக்கு முன்னே கட்டை வைப்பேன். கட்டை என்று பேர்தான், அது மரமில்லை. கெட்டி ரப்பர், தூக்குவதற்கு இரும்புக் கைப்பிடி, ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும். அதன் பிறகு டிரைவர் சாவியைக் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி இருதயமேரி அக்காவிடம் கொடுக்க வேண்டும், அக்கா அதை ஆணியில் மாட்டிவிடுவார். வண்டிக்கும் மேடைக்கும் நடுவில் இருக்கும் சந்தின் மேல் இரும்புத் தகடு போட்டு, லோடுமேன்கள் அதில் நடந்து சாமான் ஏற்றுவார்கள். ஏற்றி முடித்து, ஆள் எல்லாம் இறங்கி, தகட்டை எடுத்துக் கதவைச் சாத்திய பிறகு நான் கட்டையை எடுப்பேன், மேரியக்கா சாவியைக் கொடுப்பார், கடைசியில் சூப்பர்வைசர் ரெங்கராஜ் சார் ஆபீஸ் மைக்கில் மேடை நம்பரைச் சொல்லி வண்டியை எடுக்கச் சொல்வார். கட்டை, சாவி, மைக் மூன்றும் ஆகாமல் எந்த வண்டியும் அசையக் கூடாது.

நேரத்துக்கும் இரண்டு விதி உண்டு. ஒன்று, வண்டி யார்டை விட்டு வெளியே போக வேண்டிய நேரம் கம்பெனி ஆப்பில் வரும், அது தாண்டினால் ரெங்கராஜ் சார் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி விழும். மற்றொன்று, ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வந்த டிரைவர் எட்டு மணி நேரம் தூங்கின பிறகுதான் அடுத்து ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். முதல் விதியை மீறினால் சாருக்குக் கெடுதல், இரண்டாவதை மீறினால் டிரைவருக்குத்தானே கெடுதல் என்று, முதல் விதி மட்டும்தான் எங்கள் யார்டில் உயிரோடு இருந்தது. இரண்டாவது விதியைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள், மாலைதான் போடவில்லை.

அடுத்து என் வாயைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. எனக்குக் குரல் மாற்றிப் பேச வரும். சின்ன வயதில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் காணாமல் போனவர்களை மைக்கில் கூப்பிடுவார்களே, அதைக் கேட்டுக் கேட்டு வந்தது. யார்டில் சேர்ந்த பிறகு ரெங்கராஜ் சார் குரலும் வந்துவிட்டது. அவர் ஆரம்பிக்கும்போது "ம்ம்" என்று செருமுவார், முடிக்கும்போது "குயிக் குயிக்" என்பார். அதனால் அவருக்குக் குயில் என்று பட்டப்பெயர் இருந்தது. குயில் தன் முட்டையை அடுத்தவன் கூட்டில் வைக்கும் என்பது அந்தப் பெயரை வைத்தபோது எங்களுக்குத் தோன்றவில்லை.

அவர் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து நான் ஆபீஸில் நுழைந்து அவர் குரலில் மைக்கில் பேசியது உண்டு. "ம்ம், அஞ்சாம் நம்பர் டிரைவர் உடனே வரவும். உங்க வண்டில ஏத்தின பார்சல்ல உங்க மாமியார் இருக்காங்க. உடையும் பொருள், தலைகீழா வைக்காதீங்க. குயிக் குயிக்" என்று பேசி, அந்த டிரைவர் நிஜமாகவே வண்டியை விட்டு இறங்கி ஓடியும் வந்தார். அதிலிருந்து டிரைவர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். மைக்கில் சார் குரல் வந்தால் உடனே வண்டியை எடுக்க மாட்டார்கள். முதலில் கண்ணாடியில் என்னைத் தேடுவார்கள். நான் கண்ணில் பட்டு, என் வாய் மூடியிருந்தால், மைக்கில் பேசுவது அசல் என்று கியர் போடுவார்கள். நான் கண்ணில் படவில்லை என்றால் ஹாரன் அடித்து, "கலாய் எங்கடா?" என்று கேட்பார்கள். இதை எந்தப் போர்டிலும் எழுதவில்லை. ஆனால் கட்டை, சாவி, மைக்குக்கு அடுத்த நாலாவது விதி என் வாய் என்பது எங்கள் யார்டில் எல்லாருக்கும் தெரியும்.

சென்ற வெள்ளிக்கிழமை மத்தியானம் டிரைவர் காத்தமுத்து அண்ணன் ஓசூரிலிருந்து ராத்திரி பூரா ஓட்டிக்கொண்டு வந்து, மூணாம் நம்பர் மேடையில் வண்டியை விட்டு, சாவியைக் கேட்டில் கொடுத்துவிட்டு, ஷெட்டில் போய்ப் படுத்தார். படுக்கும்போது, "கலாய், நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கோ. ராத்திரி எழுப்பு" என்றார். நான் கட்டை வைத்தேன். அதன் பிறகு லோடுமேன் ஹனீஃபா பாய் ஜும்மா தொழுதுவிட்டு வந்து, தன் தங்கை மகன் அப்துல் ரஹீமோடு மதுரை லோடை அந்த வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார். சாயங்காலம் ஒரு இரும்புப் பீரோ மட்டும் பாக்கி இருந்தது. பாய் வண்டிப் பக்கம் தகட்டின் மேல் நின்று இழுக்க, ரஹீம் மேடைப் பக்கம் நின்று தள்ள, பீரோ பாதி தூரம் வந்திருந்தது.

அப்போது ரெங்கராஜ் சார் போனைப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்து, "கட்டையை எடுடா, மதுரை வண்டி ஆறு மணிக்குள்ள வெளில போகணும்" என்றார். "பாய் தகட்டு மேல நிக்கிறார் சார். பீரோ ஒண்ணு பாக்கி. காத்தமுத்து அண்ணன் தூங்கறாரு, அவருக்கு நேரம் ஆகலை" என்றேன். "நீ எனக்கு ரூல்ஸ் சொல்றியா? எடு. குயிக் குயிக்" என்றார். எடுக்காமல் நின்றேன். நின்றதோடு விட்டிருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை. அவர் குரலிலேயே, "ம்ம், ரெங்கராஜ் எங்கிருந்தாலும் மூணாம் நம்பர் மேடைக்கு வரவும். மேடையில் மனுஷன் இருக்கான். கண்ணு இருந்தா பார்க்கவும். குயிக் குயிக்" என்றேன். லோடுமேன்கள் சிரித்தார்கள். பாயும் பீரோவைப் பிடித்தபடியே, "அசலை விட நகல் நல்லாப் பேசுதே சார்!" என்றார். பாய் கடைசியாகச் சிரித்தது அது.

அதன் பிறகு ரெங்கராஜ் சார் தானே குனிந்து சக்கரத்தடியிலிருந்து கட்டையை இழுத்தார். வேலையை அவரே செய்கிறார் என்று நினைத்து நானும் குனிந்தேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றி என் தாடையில் அடித்தார். நான் பின் சக்கரத்துக்கு முன்னால் மண்டி போட்டு விழுந்தேன். என் வாயிலிருந்து தரையில் ஏதோ விழுந்ததைப் பார்த்துப் பாக்கு என்று நினைத்தேன். நான் பாக்கு போடுவதில்லை. இரண்டாவது அடி காதோடு சேர்ந்து விழுந்தது, அதே பக்கம் தாடை இன்னொரு முறை நொறுங்குவது எனக்கு உள்ளிருந்து கேட்டது. அதன் பிறகு வயிற்றில் மிதித்து, "இப்பப் பேசுடா என் குரல்ல" என்றார். பாய் மேலிருந்து, "சார், சின்னப் பையன் சார், செத்துடுவான்" என்று கத்தினார். சார் கட்டையைத் தூண் ஓரம் எறிந்துவிட்டுப் போனார். பாய் இறங்கி வரப் பார்த்தார், ஆனால் கையை விட்டால் பீரோ ரஹீம் மேல் சாய்ந்துவிடும். அதனால் கேட்டைப் பார்த்து, "மேரி! ஓடியா! அவனைப் பாரு" என்று கூப்பிட்டார்.

மேரியக்கா கேட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, என்னை இழுத்துத் தூணில் சாய்த்து உட்கார வைத்து, தோளில் கிடந்த துண்டை என் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். செத்தவர்களுக்கு வாய் திறக்காமல் இருக்கக் கட்டுவார்களே, அந்தக் கட்டு. ரத்தத்தில் துண்டு வழுக்கியதால், "சேசுவே, ஆடாதடா தம்பி" என்று சொல்லி இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்துக்கொண்டார். நான் இருந்த இடத்திலிருந்து வண்டியின் வலது பக்கமும் டிரைவர் கண்ணாடியும் ஷெட்டும் கேட்டும் நன்றாகத் தெரியும்.

ரெங்கராஜ் சார் ஆளில்லாத கேட்டுக்குப் போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். அதன் பிறகு ஷெட்டுக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த காத்தமுத்து அண்ணனைக் காலால் உதைத்து எழுப்பி, கன்னத்தில் இரண்டு அறை விட்டு, சாவியைக் கையில் திணித்து, சட்டையைப் பிடித்து வண்டி வரை தள்ளிக்கொண்டு வந்து, "மைக்ல சொன்னதும் எடு" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குள் போனார். அண்ணன் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாத மாதிரி விழித்துக்கொண்டே கேபினில் ஏறினார்.

அதன் பிறகு என் தலைக்கு மேல் தூணில் இருக்கும் ஸ்பீக்கரில், "ம்ம், மூணாம் நம்பர், எடு எடு. குயிக் குயிக்" என்று வந்தது. மேரியக்கா நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தார். அதன் பிறகு குனிந்து, தன் கைக்குள் இருக்கும் என் வாயைப் பார்த்தார். காத்தமுத்து அண்ணன் வழக்கப்படி கண்ணாடியில் என்னைத் தேடினார். அவர் கண் என் மேல் பட்டது எனக்குத் தெரிந்தது. கட்டை இல்லை, சாவி கையில், மைக்கில் சொல்லியாகிவிட்டது, என் வாய் மூடியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் நிற்கவில்லை. பாய் இருக்கிறார் என்று கத்தினேன், மூக்கு வழியாக ரத்தம் வந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. அவர் வண்டியை எடுத்தார்.

தகடு நழுவிச் சந்துக்குள் விழுந்தது, அதோடு பாயும் விழுந்தார். பீரோ மேடைப் பக்கம் சாய, ரஹீம் தாவி ஒதுங்கினான். வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றது. பாய்க்கு முழங்கால் மட்டும் கிழிந்திருந்தது. எழுந்து நின்று, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, எல்லாரும் கத்தாதீங்க" என்று சொல்லி, மேலே ஏறுவதற்காக இரண்டு கையையும் மேடை விளிம்பில் வைத்தார். அப்போது மறுபடியும் ஸ்பீக்கரில், "டேய், சரக்கு விழுது, பின்னாடி வா, பின்னாடி வா, குயிக்" என்று வந்தது. எல்லாரும் நிறுத்து நிறுத்து என்று கத்தியது உண்மை. மைக் எல்லாரையும் விடச் சத்தமாக இருந்தது. காத்தமுத்து அண்ணன் மறுபடி கண்ணாடியில் பார்த்தார். நான் மறுபடியும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அவர் பின்னால் வந்தார்.

எனக்கு ஏர் ஹாரன் சத்தம் வரும், டயர் வெடிக்கிற சத்தம் வரும், காவேரிப் பாலத்தில் ரயில் போகிற சத்தம் வரும். வண்டிக்கும் மேடைக்கும் நடுவில் பாயின் நெஞ்சு மாட்டியபோது வந்த சத்தத்தை நான் யாருக்கும் செய்து காட்ட மாட்டேன். பாயின் கை இரண்டும் மேடை மேல் அப்படியே இருந்தது. ரஹீம் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, ஏறுங்க மாமா, ஏறுங்க" என்று இழுத்துக்கொண்டே இருந்தான்.

அதன் பிறகு லோடுமேன்கள் காத்தமுத்து அண்ணனைக் கேபினிலிருந்து தலைமுடியைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். பிளாஸ்டிக் பெட்டியால் முகத்தில் அடித்தார்கள், அது உடைந்த பிறகு உடைந்த துண்டால் அடித்தார்கள். ஒருவர் அவர் கை மேல் ஏறி நின்றார். அண்ணன் திருப்பி அடிக்கவில்லை. "மைக்ல சொன்னாங்க. கலாய் வாய் மூடியிருந்துச்சு. கலாய் வாய் மூடியிருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

அப்போது ரெங்கராஜ் சார் ஆபீஸிலிருந்து வெளியே வந்து, "நான் பாத்ரூம்ல இருந்தேன். அந்தக் கலாய்ப் பயதான் உள்ள பூந்து என் குரல்ல பேசியிருக்கான். எத்தனை தடவை பேசியிருக்கான், உங்களுக்கே தெரியுமே" என்று என்னைக் கை காட்டினார். அவர்களுக்குத் தெரியும்தான். சிரித்தவர்கள்தானே. அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். ரஹீம் மூட்டை தூக்கும் கொக்கியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். அவன் எனக்கு சிநேகிதன், ஒரே தட்டில் பரோட்டா தின்றிருக்கிறோம். அன்று அவன் கண்ணில் நான் யாரோ.

மேரியக்கா எழுந்திருக்கவில்லை. என் தாடையையும் விடவில்லை. அப்படியே உட்கார்ந்தபடி, "கிட்ட வந்து பாரு ரஹீம். இவன் வாயை நான் ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டிருக்கேன். முதல் தடவை மைக் பேசினப்பவும் பிடிச்சிட்டுதான் இருந்தேன். அப்ப மேல பேசினது யாரோட வாய்?" என்றார். ரஹீம் என் முகத்தைப் பார்த்தான். துண்டிலிருந்து ரத்தம் அக்கா முழங்கை வரை ஓடிக் காய ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

ரெங்கராஜ் சார் ஓடிப்போய் ஆபீஸ் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். லோடுமேன்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். ரஹீம் உள்ளே கையை விட்டுக் கொக்கியை அவர் தோளில் மாட்டி, உடைந்த கண்ணாடி வழியாகவே வெளியே இழுத்தான். இதை நான் பார்த்தேன், மறைக்கவில்லை, ரஹீமும் மறைக்கவில்லை. இன்னொரு தடவை கொக்கியை ஓங்கினான். முகமெல்லாம் ரத்தமாக ஊர்ந்து வந்த காத்தமுத்து அண்ணன்தான் அவன் காலைக் கட்டிக்கொண்டு, "வேணாம் தம்பி. இவன் செத்துட்டா மைக்ல பேசினது யாருன்னு எவன் சொல்லுவான்?" என்றார். ரஹீம் கொக்கியைப் போட்டுவிட்டு, பாய் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அதன் பிறகு வண்டியை நகர்த்தப் பயந்து, பாயைச் சந்தின் பக்கவாட்டில் இழுத்து வெளியே எடுத்து, மேடையில் படுக்க வைத்து, யாரோ ஒருவர் கைக்குட்டையால் அவருக்குத் தாடையைக் கட்டினார். எனக்கு எப்படிக் கட்டியிருந்ததோ அப்படியே. அதன் பிறகு போலீஸும் ஆம்புலன்ஸும் வந்தது.

தற்போது ரெங்கராஜ் சார் கொடுத்திருக்கும் புகாரில், இரண்டு தடவையும் மைக்கில் பேசியது நான் என்றும், என் தாடை அதன் பிறகு கூட்டத்தார் அடித்ததில் உடைந்தது என்றும், மேரியக்கா என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்றும் இருப்பதாகத் தலைமைக் காவலர் அம்மா சொன்னார். காத்தமுத்து அண்ணன் கைதாகி இருப்பதாகவும் சொன்னார். ஒரு லோடுமேன் போனில் எடுத்த வீடியோவில் இரண்டாவது அறிவிப்பு பதிவாகியிருக்கிறது, அதில் நான் தெரியவில்லை. அதை வார்டில் போட்டுக் காட்டினார்கள். என் அப்பா கேட்டுவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து, மெதுவாக, "நீதானாடா கலை?" என்று கேட்டார். தலையை இல்லை என்று ஆட்டினேன். நம்பினாரா என்று தெரியவில்லை. அவ்வளவு நன்றாகப் பழகிவிட்டேன்.

ஆகவே குரலை வைத்துப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் பல்லை வைத்துப் பார்க்கவும். முதல் அடியில் நான் பாக்கு என்று நினைத்தது என் கடைவாய்ப் பல். அது மூணாம் நம்பர் மேடையில் நின்ற வண்டியின் வலது பின் சக்கரத்துக்கு முன்னால், தரையில் கட்டை இருந்த இடத்தில் விழுந்தது. அதன் பிறகுதான் வண்டி அதன் மேல் ஏறி முன்னால் போய், பின்னால் வந்தது. கூட்டத்தார் அடித்து அது விழுந்திருந்தால் சக்கரத்தடியில் போயிருக்க முடியாது, ஏனென்றால் பின்னால் வந்து நின்ற வண்டி அதன் பிறகு நகரவே இல்லை. தேடினால் சக்கரத்துக்கு அடியிலோ அதன் தடத்திலோ நொறுங்கிக் கிடக்கும்.

மதுரை லோடு தாமதமாகிறது என்று அந்த வண்டியை எடுத்துப்போகக் கம்பெனியிலிருந்து அனுமதி கேட்டிருப்பதாகத் தலைமைக் காவலர் அம்மா பேச்சுவாக்கில் சொன்னதால், இந்த வாக்குமூலத்தை அவசரமாக எழுதிக் கொடுக்கிறேன். யாரும் குனிந்து பார்க்கும் முன் அந்த வண்டியை எடுக்க வேண்டாம். காத்தமுத்து அண்ணன் கண்ணாடியில் பார்த்தது மூடியிருந்த என் வாயைத்தான். அவர் சரியாகத்தான் பார்த்தார்.

இதில் குறும்பு எதுவும் இல்லை. தலைமைக் காவலர் அம்மா முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்ட, நான் கேட்டு, ஒவ்வொன்றும் நடந்தது நடந்தபடி என்று தலையாட்டி, என் கையால் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
பி. கலையரசன்